குழாய் வழியே உணவு

முற்காலத்தில் நம் வீடுகள் பலவற்றில் பாலாடை என்னும் சிறு பாத்திரம் ஒன்று இருந்தது. குழிந்த வயிறும் நீண்ட மூக்கும் உடைய அதனைக் கொண்டு கைக்குழந்தைக்குப் பால் புகட்டுவார்கள். சில வேளைகளில் அதே பாலாடை வீட்டிலுள்ள முதியவருக்கும் உதவும். பக்கவாதம் கண்டு, நாக் குழறிப் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பாட்டனாரின் தலையைச் சற்றே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மருமகள் கஞ்சித் தெளிவைக் கடைவாயில் துளித் துளியாக விடுவாள். அது உள்ளே இறங்கினால் வீட்டார் முகம் மலரும். புரையேறி அவர் இருமத் தொடங்கினால் எல்லோருடைய முகமும் வாடும். உணவு கையில் இருக்கிறது. பசித்த உடலும் எதிரே இருக்கிறது. ஆயினும் வாய்க்கும் இரைப்பைக்கும் இடையிலுள்ள ஒரு முழ வழி அடைபட்டுவிட்டது. இந்த ஒரு முழத்தைக் கடப்பதற்கு மனித குலம் எத்தனை நூற்றாண்டுகள் முயன்றது என்பதையும், கடந்த பின்னர் எத்தகைய கேள்வி ஒன்று அதன் எதிரே வந்து நின்றது என்பதையும் இங்கே ஆராய்வோம்.

விழுங்குதல் எளிய செயல் என்று நாம் கருதியிருக்கிறோம். உண்மையில் அது உடலின் நுட்பமான செயல்களுள் ஒன்றாகும். தொண்டையின் அடியில் இரு வழிகள் பிரிகின்றன. முன்னால் இருப்பது மூச்சுக்குழல். பின்னால் இருப்பது உணவுக்குழல். கவளம் தொண்டையை அடைந்தவுடன் குரல்வளை மேலெழுந்து மூடிக்கொள்கிறது. மூச்சு ஒரு கணம் நிற்கிறது. உணவு பின்வழியே இறங்குகிறது. நரம்போ தசையோ தளர்ந்துவிட்டால் இந்த ஒழுங்கு குலைகிறது. உணவு முன்வழியே சென்று நுரையீரலை அடைந்து, நிமோனியாக் காய்ச்சலை உண்டாக்குகிறது. பட்டினிக்கு அஞ்சி ஊட்டினால் மூச்சுக்கு ஆபத்து. மூச்சுக்கு அஞ்சி நிறுத்தினால் பட்டினியால் ஆபத்து. இந்த இக்கட்டிலிருந்து தோன்றியதே நாம் கூறப்போகும் வரலாறு. இரு வழிகளும் அருகருகே இருக்கின்றன என்னும் செய்தியை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் அது மீண்டும் வரும்.

முன்வாயில் அடைபட்டால் பின்வாயிலை நாடுவது பழங்கால வைத்தியர்களின் வழக்கம். எகிப்தியரும் கிரேக்கரும் பால், மது, தானியக் கஞ்சி முதலியவற்றை ஆசனவாய் வழியே செலுத்தினர். நம் நாட்டு ஆயுர்வேதத்தில் இம்முறைக்கு வஸ்தி என்று பெயர். விலங்கின் மூத்திரப்பையில் ஒரு குழாயைப் பொருத்தி மருந்தை உட்செலுத்தும் விதம் சரக சம்ஹிதையிலும் சுசுருத சம்ஹிதையிலும் விரிவாகக் கூறப்பட்டுள்ளது. உடலுக்குப் புஷ்டி தருவதற்காகப் பால், இறைச்சிச் சாறு, நெய், தேன் ஆகியவற்றைச் சேர்த்துச் செலுத்தும் வகையும் சரகரின் நூலில் உண்டு.

இந்தப் பழைய முறை அண்மைக்காலம் வரையில் கைவிடப்படவில்லை. அமெரிக்காவின் ஜனாதிபதியாயிருந்த ஜேம்ஸ் கார்ஃபீல்டு 1881ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சுடப்பட்டார். நாளடைவில் அவர் வயிறு உணவை ஏற்க மறுத்தது. மருத்துவர்கள் மாட்டிறைச்சிச் சாறு, முட்டையின் மஞ்சட்கரு, விஸ்கி ஆகியவற்றை ஆசனவாய் வழியாகவே செலுத்தி வந்தனர். அவருடைய உடல் நாளுக்கு நாள் தேய்ந்தது. செப்டம்பர் 19ஆம் தேதி அவர் காலமானார். காயத்தில் சீழ் பிடித்ததே மரணத்திற்குப் பெருங்காரணம் என்றாலும், அத்தனை வாரச் சிகிச்சையும் அவர் உடலைப் போஷிக்கவில்லை என்பது தெளிவு. பெருங்குடல் நீரையும் உப்பையும் உறிஞ்சும்; புரதத்தையும் கொழுப்பையும் செரித்து ஏற்கும் ஆற்றல் அதற்கு இல்லை என்பதை இன்று நாம் அறிவோம்.

முன்வழியிலேயே ஒரு குழாயை இறக்கினால் என்ன என்று எண்ணியவர்களும் இருந்தனர். 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் தேசத்துச் செவீல் நகரில் வாழ்ந்த இப்னு சுஹ்ர் என்னும் அரபு மருத்துவர், விழுங்க இயலாத நோயாளிக்கு உலோகக் குழாயைத் தொண்டையில் இறக்கிப் பால் ஊட்டுவதைப் பற்றி எழுதினார். ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின், இத்தாலியின் பாதுவா நகரில் வாழ்ந்த ஃபப்ரீசியஸ், தாடை இறுகிப்போகும் ரணஜன்னி நோயாளிகளுக்கு மூக்கின் வழியே வெள்ளிக் குழாயைச் செலுத்தினார். இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த ஹார்விக்கு ஆசிரியராயிருந்தவர் இவரே. ஆனால் தொண்டையோ வளைந்த வழி. வெள்ளியோ வளையாத பொருள். உயிர் காக்கச் சென்ற குழாய் மென்மையான சதையைக் கிழித்துவிடுமே என்னும் அச்சம் எப்பொழுதும் இருந்தது. கருத்து உதித்துவிட்டது, அதற்குத் தக்க பொருள் வாய்க்கவில்லை.

அந்தப் பொருளைத் தேடியவர்களுள் லண்டன் மாநகரின் புகழ்பெற்ற ரணசிகிச்சை நிபுணர் ஜான் ஹன்டர் குறிப்பிடத்தக்கவர். 1790ஆம் ஆண்டில் விழுங்கும் தசைகள் செயலிழந்த ஒருவர் அவரிடம் வந்தார். ஹன்டர் திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுக்கும் வளையக்கூடிய கம்பு ஒன்றின் மீது விலாங்கு மீனின் புதுத் தோலை உறைபோல் இழுத்துப் போர்த்தினார். ஒரு பையையும் மரக் குழாயையும் அதனோடு இணைத்தார். வழவழப்பான அத்தோல் தொண்டையில் எளிதில் இறங்கியது. தண்ணீர் விட்டு அடித்த முட்டை, பால், சர்க்கரை முதலியவை அதன் வழியே இரைப்பையை அடைந்தன. மருந்தும் அவ்வழியே சென்றது. சில வாரங்களில் விழுங்கும் ஆற்றல் நோயாளிக்குத் திரும்பியது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குழாய் அவருடைய நோயைத் தீர்க்கவில்லை. நோய் தானே தணியும் வரையில் உயிரைத் தாங்கி நின்றது. குழாயுணவின் உண்மையான பணி அன்றும் இன்றும் இதுவே.

உணவுக்குழலே புற்றால் அடைபட்டவர்களுக்கு எந்தக் குழாயும் இறங்காது. அத்தகையோர்க்கு வயிற்றிலேயே வாயில் திறக்கலாமா என்னும் ஆராய்ச்சி 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அதற்கு முன்னரே இயற்கை ஓர் எடுத்துக்காட்டைக் காட்டியிருந்தது. 1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேக்கினாக் தீவில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் இளைஞர் மீது துப்பாக்கி தற்செயலாக வெடித்தது. காயம் ஆறியபோது இரைப்பையில் ஒரு துவாரம் நிலைத்துவிட்டது. அவருக்குச் சிகிச்சை செய்த ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட், உணவுத் துண்டை நூலில் கட்டி அத்துவாரத்தின் வழியே இறக்கி, அது செரிக்கும் விதத்தை ஆராய்ந்து 1833இல் நூலாக வெளியிட்டார். இரைப்பையில் துவாரத்துடன் மனிதன் பல்லாண்டு வாழக்கூடும் என்பதற்கு செயின்ட் மார்ட்டினே சாட்சியானார்.

ஆயினும் அத்துவாரத்தை மருத்துவர் கையால் உண்டாக்குவது எளிதாயில்லை. ஸ்ட்ராஸ்பர்க் நகரின் சேடியோ 1849இல் இதனை முதன்முதலாகச் செய்தார், நோயாளி பிழைக்கவில்லை. அடுத்து முயன்றவர்களும் தோல்வியையே கண்டனர். இரைப்பையின் நீர் வயிற்றறைக்குள் கசிந்தது, கிருமிகள் புகுந்தன. லிஸ்டர் 1867இல் கிருமிநாசினி முறையை வெளியிட்ட பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. 1875இல் லண்டனில் சிட்னி ஜோன்ஸ் இச்சிகிச்சை செய்த நோயாளி 40 நாட்கள் உயிருடன் இருந்தார். மறு ஆண்டு பாரிஸில் வெர்னாய் செய்த சிகிச்சை முழு வெற்றி பெற்றது. 1891இல் விட்சலும் 1894இல் ஸ்டாமும் கசிவைத் தடுக்கும் தையல் முறைகளை வகுத்தனர்.

இதற்கிடையே ரப்பர் வந்தது. குட்இயர் 1839இல் கண்டறிந்த முறையால் பக்குவப்படுத்தப்பட்ட ரப்பர், விலாங்குத் தோலின் வேலையை இன்னும் நன்றாகச் செய்தது. 1910இல் மாக்ஸ் ஐன்ஹார்ன் நுனியில் எடை கட்டிய மெல்லிய குழாயை இரைப்பையையும் கடந்து சிறுகுடலுக்கே அனுப்பினார். 1921இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் லெவினும், இங்கிலாந்தில் ஜான் ரைலும் தத்தம் பெயரால் வழங்கும் குழாய்களை அறிமுகம் செய்தனர். நம் ஆஸ்பத்திரிகளில் ‘ரைல்ஸ் டியூப்’ என்னும் சொல்லைக் கேளாதார் இலர். இதில் ஒரு விந்தை உண்டு. ரைல் தம் குழாயை உணவு ஊட்டுவதற்காக அமைக்கவில்லை. இரைப்பையின் நீரைச் சிறிது சிறிதாக வெளியே எடுத்துச் சோதிப்பதற்கே அமைத்தார். எடுப்பதற்கென்று பிறந்த குழாய் கொடுப்பதற்குப் பயன்பட்டு, அப்பெயராலேயே நம் நாட்டில் நிலைத்துவிட்டது.

வழி கிடைத்தது, இனி எதனை, எவ்வளவு ஊட்டுவது என்னும் வினா எஞ்சியது. இதற்கு விடை தேடும் துயரமான வாய்ப்பு நம் நாட்டிலேயே நேர்ந்தது. 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தில் தெருவோரங்களில் கிடந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்ட பலரால் உணவைச் செரிக்கவும் இயலவில்லை. கல்கத்தாவில் கிருஷ்ணன், நாராயணன், சங்கரன் ஆகிய ஆராய்ச்சியாளர்கள், முன்கூட்டியே செரிக்கவைத்த புரதத்தை அவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, அதன் பலனை 1944இல் இந்திய மருத்துவ இதழில் வெளியிட்டனர். அப்பஞ்சத்தின்போது பால்பொடி, மாவு, சர்க்கரை முதலியவற்றைக் கரைத்து ஒரு கலவை உணவும் வழங்கப்பட்டது. ‘வங்கப் பஞ்சக் கலவை’ என்றே அதற்குப் பெயர் வந்தது.

அடுத்த ஆண்டு இவ்விரண்டும் ஐரோப்பாவுக்குச் சென்றன. 1945 ஏப்ரல் 15ஆம் தேதி பிரிட்டிஷ் படை ஜெர்மனியின் பெல்சன் சிறைமுகாமை விடுவித்தபோது, எலும்பும் தோலுமாய் ஆயிரமாயிரம் மக்கள் அங்கே கிடந்தனர். டாக்டர் ஜானெட் வான் என்னும் அம்மையாரும் அவருடைய தோழர்களும் செரிக்கவைத்த புரதத்துடன் அங்கு வந்தனர். அதனை வாயால் பருகச் சொன்னால் அதன் சுவை சகிக்க முடியாததாயிருந்தது. ஊசி வழியே செலுத்த முற்பட்டால் நோயாளிகள் அலறினர். நாஜி முகாம்களில் ஊசி போட்டுக் கொல்வதும் ஒரு வழக்கம் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். காப்பாற்ற வந்த கருவி அவர்கள் கண்ணுக்குக் கொல்ல வந்த கருவியாகத் தோன்றியது. வங்கத்துக் கலவையோ அவர்கள் நாவுக்கு மிகுந்த இனிப்பாயிருந்தது. முடிவில், வாயால் பருகக்கூடியவர்க்குச் சிறுகச் சிறுக, அடிக்கடி கொடுக்கும் பாலே மேலானது என்று அம்மருத்துவர்கள் கண்டனர். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்கு மிகுதியான உணவை ஒரேயடியாகக் கொடுத்தால் அதுவே உயிரைப் போக்கும் என்பதும் அங்கே கண்ட பாடம். உண்பவர் மனத்தை அறியாமல் உடலை மட்டும் நோக்கிச் செய்யும் சிகிச்சை அரைச் சிகிச்சையே என்பதை பெல்சன் உலகுக்கு உணர்த்தியது.

இந்தப் பாடத்தை நம் நாடு அதற்கு முன்னரே, வேறு விதமாக, தன் மக்களின் உயிரைக் கொடுத்துக் கற்றிருந்தது. 1909ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்துச் சிறைகளில், வாக்குரிமை கோரி உண்ணாவிரதம் இருந்த பெண்களைப் பிடித்து அழுத்திக் குழாய் வழியே உணவைத் திணித்தனர். அதே முறை இந்தியாவுக்கும் வந்தது. 1929ஆம் ஆண்டு லாகூர்ச் சிறையில், அரசியல் கைதிகளை மனிதர்களாக நடத்த வேண்டும் என்று பகத்சிங்கும் தோழர்களும் உண்ணாவிரதம் தொடங்கினர். ஜூலை 13ஆம் தேதி ஜதீந்திரநாத் தாஸ் அவர்களோடு சேர்ந்தார். சிறையதிகாரிகள் அவரைப் பலர் கூடிப் பிடித்துக்கொள்ள, மூக்கில் குழாயைச் செலுத்தினர். அவர் திமிறினார். முன்னே நாம் சொன்ன இரு வழிகளையும் நேயர்கள் இப்பொழுது நினைவுகூர வேண்டும். நோயாளி ஒத்துழைத்து விழுங்கினால்தான் குழாய் பின்வழியே இறங்கும். எதிர்த்துப் போராடும் தொண்டையில் அது முன்வழியே செல்லக்கூடும். உணவு நுரையீரலில் புகுந்தது. அந்த இளைஞர் பின்னர் எழவே இல்லை. செப்டம்பர் 13ஆம் தேதி, 63ஆம் நாளன்று, தம் 24ஆம் வயதில் உயிர் நீத்தார். அவருடைய உடல் ரயிலில் கல்கத்தாவுக்குச் சென்றபோது வழிநெடுக மக்கள் கூடி நின்றனர். 1933 மே மாதம் அந்தமான் சிறையில் நடந்த உண்ணாவிரதத்தின்போதும் இவ்வாறே பலவந்தமாக ஊட்டப்பட்ட மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய மூவர் மாண்டனர்.

விலாங்குத் தோலைக் கம்பில் சுற்றிய ஹன்டரும் குழாயையே கையாண்டார். லாகூர்ச் சிறையினரும் குழாயையே கையாண்டனர். முன்னது உயிரைக் காத்தது. பின்னது உயிரைப் பறித்தது. வேற்றுமை குழாயில் இல்லை. அதனைப் பெறுபவரின் சம்மதத்தில் இருந்தது. உலக மருத்துவச் சங்கம் இதனை வெளிப்படையாக ஏற்க 1975ஆம் ஆண்டு ஆயிற்று. சிந்தித்து முடிவெடுக்கும் நிலையிலுள்ள கைதி உணவை மறுத்தால் மருத்துவர் அவருக்குச் செயற்கையாக ஊட்டலாகாது என்று டோக்கியோ நகரில் அச்சங்கம் பிரகடனம் செய்தது. 1991இல் மால்டாவில் அதனை மேலும் விளக்கியது. எனினும் இவ்வினா முற்றும் தீர்ந்துவிடவில்லை. மணிப்பூரின் இரோம் சர்மிளா 2000ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கி, 2016 ஆகஸ்டு 9ஆம் தேதி தாமே உண்ணாவிரதத்தை முடிக்கும் வரையில், காவலில் வைக்கப்பட்டு மூக்குக் குழாய் வழியே ஊட்டப்பட்டு வந்ததை நாடு கண்டது.

மருத்துவக் கலையோ மேன்மேலும் வளர்ந்தது. 1960களில் பிலடெல்பியாவில் ஸ்டான்லி டட்ரிக், குடலே செயலற்றவர்க்கு இரத்தக் குழாய் வழியாகவே முழு உணவையும் செலுத்தலாம் என்று காட்டினார். 1979 ஜூன் 12ஆம் தேதி கிளீவ்லாந்து நகரில் கௌடரர், பான்ஸ்கி என்னும் இரு மருத்துவர்கள், வயிற்றை அறுத்துத் திறக்காமலேயே இரைப்பையில் குழாய் பொருத்தினர். விளக்கு பொருத்திய உள்நோக்குக் கருவியை வாய் வழியே இறக்கி, அதன் ஒளி வயிற்றுத் தோலில் தெரியும் இடத்தில் ஊசியால் சிறு துளையிட்டு, நூலின் உதவியால் குழாயை உள்ளிருந்து வெளியே இழுத்தனர். நோயாளி நான்கரை மாதக் குழந்தை. நெடுநாள் குழாயுணவு தேவைப்படுவோர்க்கு இன்று உலகெங்கும் கையாளப்படும் முறை இதுவே.

இன்று பக்கவாதம் கண்டவர், வாய்ப்புற்றுக்குச் சிகிச்சை பெறுவோர், குறைமாதத்தில் பிறந்த சிசுக்கள் எனப் பல்லாயிரவர் நம் நாட்டில் குழாயின் துணையால் உயிர் வாழ்கின்றனர். வீட்டிலேயே கஞ்சியும் பாலும் பருப்பு நீரும் குழாய் வழியே ஊட்டும் குடும்பங்கள் பல. மருத்துவரும் செவிலியரும் சொல்லித்தரும் விதிகள் எளியவை; ஆனால் ஒவ்வொன்றும் மேற்கூறிய வரலாற்றின் விலைமிக்க பாடமாகும். ஊட்டும்போதும், ஊட்டிய பின் சிறிது நேரமும் நோயாளியின் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். குழாய் சரியான இடத்தில் இருப்பதை உறுதி செய்யாமல் எதனையும் செலுத்தலாகாது. உணவைத் திப்பியின்றி வடிகட்டி, அவசரமின்றி மெல்ல விட வேண்டும். நெடுநாள் உண்ணாதிருந்தவர்க்குச் சிறிதளவில் தொடங்கி, மருத்துவர் சொற்படி கூட்ட வேண்டும். இருமலோ மூச்சுத் திணறலோ கண்டால் உடனே நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும்.

இவற்றோடு இன்னொரு விதியும் உண்டு. குழாயைப் பொருத்துமுன் நோயாளிக்கு அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும். அவர் விருப்பத்தைக் கேட்க வேண்டும். பேச இயலாதவரும் கண்ணாலும் கையாலும் விடை சொல்லக்கூடும். நினைவிழந்தவராயின், நல்ல நிலையில் அவர் என்ன விரும்பியிருப்பார் என்று வீட்டார் எண்ணிப் பார்க்க வேண்டும். முதுமையில் மறதி நோய் முற்றியவர்க்குக் குழாய் பொருத்துவதால் ஆயுள் நீள்வதாகவோ, புரையேறுவது குறைவதாகவோ ஆராய்ச்சிகள் காட்டவில்லை. அத்தகையோர்க்குப் பொறுமையுடன், அவர் ஏற்கும் அளவுக்குக் கையால் ஊட்டுவதே நன்று என்று மருத்துவர் பலர் கூறுகின்றனர். எட்டு நூற்றாண்டுகள் குழாயைத் திருத்தித் திருத்தி அமைத்த மருத்துவம், சிலர் விஷயத்தில் மீண்டும் நம் வீட்டுப் பாலாடையிடமே திரும்பி வந்திருக்கிறது.

ஆகையால் குழாயை வெறுக்கவும் வேண்டா. அதுவே கதி என்று நம்பவும் வேண்டா. விழுங்கும் ஆற்றல் திரும்பும் என்ற நம்பிக்கை உள்ளவர்க்கு அது பெருந்துணை. அதற்கு அஞ்சி மறுப்பதால் எத்தனையோ உயிர்கள் வீணே தளர்கின்றன. ஆனால் ஊட்டுகின்ற கை, உண்பவரின் முகத்தை ஒருமுறை நோக்கிய பின்னரே குழாயைத் தொட வேண்டும். கஞ்சித் தெளிவைத் துளித் துளியாக விட்டு, அடுத்த துளிக்கு முன் பாட்டனாரின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்த அந்த மருமகள், இதனை எந்தப் பிரகடனமும் படிக்காமலே அறிந்திருந்தாள்.